மிலான் நகரத்து இசையரங்கும் அதன் பக்கத்து வாசலும்

‘ஆப்பெரா’ என்று ஐரோப்பியர் வழங்கும் இசை நாடகத்தின் குரல் நம்மவர் காதில் முதன்முதலில் விழுந்தது பெரும்பாலும் துரைமார் பங்களாவிலிருந்துதான். மாலை வேளையில் கிராமபோன் பெட்டியிலிருந்து எழுந்த அந்தப் பெருங்குரலைக் கேட்டு, உள்ளே யாரோ வயிற்றுவலியால் துடிக்கிறார்கள் என்று நகைத்துக்கொண்டே லயத்திற்குத் திரும்பியோர் பலர் இருந்திருப்பர். நகைத்ததில் குற்றமில்லை. பழகாத இசை எவருக்கும் முதலில் கூச்சலே. நம் நாதசுரத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்ட துரைமாரும் உண்டு. ஆனால் அந்த நகைப்போடு இன்னொரு நினைப்பும் நம்முள் புகுந்து குடியேறிவிட்டது. அஃதாவது, இது துரைமாரின் சொத்து, உயர்ந்தோர்க்கு ஏற்பட்ட கலை, உழைத்துப் பிழைப்போருக்கு இதில் பங்கில்லை என்பது. அந்த நினைப்பு எவ்வளவு தவறானது என்பதை ஒரே ஒரு நகரத்தின் வரலாற்றைக் கொண்டே காட்டிவிடலாம். இத்தாலி தேசத்து மிலான் நகரமே அது. அங்குள்ள ‘லா ஸ்காலா’ என்னும் அரங்கு உலகப் புகழ் பெற்றது.

முதலில் ஆப்பெரா இன்னதென்று சொல்லிவிடுவோம். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த நம் நாடகங்களில் வசனத்துக்கிடையே பாட்டு வரும். ஆப்பெராவிலோ பெரும்பாலும் வசனமே கிடையாது. காதலிப்பதும், சண்டையிடுவதும், கடிதம் படிப்பதும், கத்தியால் குத்துண்டு சாவதும் எல்லாம் பாட்டிலேயே நடைபெறும். மேடைக்கும் சபைக்கும் நடுவே வாத்தியக்காரர் திரளாக அமர்ந்திருப்பர்; கையில் சிறு கோல் ஏந்திய இசை நடத்துநர் ஒருவர் அவர்களையும் மேடையிலுள்ளாரையும் ஒருங்கே இழுத்துச் செல்வார். பாடுபவர்க்கு ஒலிபெருக்கி கிடையாது. அத்தனை வாத்தியங்களையும் தாண்டி, கடைசி மாடியில் நிற்பவன் காதுக்குத் தன் குரலை அனுப்ப வேண்டும். அக்குரல் அப்படிப் பெருகி ஒலிப்பதன் காரணம் இதுவே.

1776-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மிலான் நகரத்துப் பழைய நாடகசாலை தீப்பற்றி எரிந்து சாம்பலாயிற்று. அக்காலத்தில் அந்நகரம் ஆஸ்திரிய சக்கரவர்த்தினி மரியா தெரெசாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவளுடைய மகன் பெர்டினாண்டு அங்கே ஆளுநன். எரிந்த சாலையில் சொந்தமாகப் ‘பாக்ஸ்’ வைத்திருந்த தொண்ணூறு செல்வர்கள், புதிய அரங்கு வேண்டுமென்று அவனுக்கு விண்ணப்பம் செய்துகொண்டார்கள். செலவை அவர்களே ஏற்றார்கள். இடம் பார்த்தபோது, ஸ்காலா குடும்பத்துப் பெண்ணொருத்தி 14-ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த மாதாகோயில் கண்ணில் பட்டது. அதனை இடித்துவிட்டு அவ்விடத்தில் பியர்மரீனி என்னும் சிற்பி புதிய அரங்கைக் கட்டினார். ‘ஸ்காலா’ என்னும் பெயர் மட்டும் கோயிலிலிருந்து அரங்குக்கு இறங்கிற்று. கோயிலை இடித்துக் கூத்துமேடை எழுப்பினார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை என்பதை நேயர்கள் குறித்துக்கொள்வார்களாக. 1778 ஆகஸ்டு 3-ஆம் நாள் சாலியேரி என்பார் இயற்றிய ஆப்பெராவுடன் அரங்கு திறக்கப்பட்டது.

இந்தப் ‘பாக்ஸ்’ என்பது என்ன? அரங்கைச் சுற்றிலும் குதிரை லாட வடிவில் அடுக்கடுக்காக அமைந்த சிற்றறைகள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் உடைமை. வீட்டைப்போலவே அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம், மகனுக்குச் சீதனமாக எழுதி வைக்கலாம். உள்ளே பட்டு ஒட்டிக்கொள்வதும் கண்ணாடி மாட்டுவதும் உடையவர் விருப்பம். முன்புறத்தில் திரை தொங்கும். பாட்டுப் பிடிக்காவிட்டால் அதை இழுத்து மூடிக்கொண்டு சீட்டாடலாம், உணவருந்தலாம், ஊர்வம்பு பேசலாம். நெப்போலியனின் படையோடு 1800-இல் அந்நகரம் புகுந்த ஸ்தாந்தால் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், இந்த அரங்கில் தம் நெஞ்சைப் பறிகொடுத்தவர்; நகரத்துப் பெரிய குடும்பத்தாரெல்லாம் தத்தம் பாக்ஸிலேயே விருந்தினரை வரவேற்றதை அவர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். முன்கூடத்திலோ சூதாட்டம் நடந்தது. அதன் குத்தகையைப் பிடித்த பார்பாஜா என்பவன், காப்பிக்கடையில் பரிமாறுபவனாக வாழ்வைத் தொடங்கி, சூதில் சேர்த்த பொருளைக் கொண்டு பின்னர் இத்தாலியிலேயே பேர்பெற்ற நாடகக் காண்டிராக்டர் ஆனான். உயர்ந்த சங்கீதம் என்று இன்று நாம் கைகட்டி வாய்பொத்திக் கேட்கும் பாட்டுக்களுக்கு அன்று எண்ணெய் வார்த்தது சூதாட்டக் காசு. மேடையில் மட்டும் எண்பத்து நான்கு எண்ணெய் விளக்குகள் எரிந்தன. தீப்பிடித்தால் அணைக்கப் பக்கத்து அறைகளில் நூற்றுக்கணக்கான வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள்.

தரையில் தொடக்கத்தில் நாற்காலி இல்லை, நின்றுகொண்டே பார்த்தார்கள். நம்மூர்க் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்காரன் உட்காரவாவது செய்தான்.

பாக்ஸ்களுக்கெல்லாம் மேலே, கூரையை முட்டிக்கொண்டு, காலரி. இதனை மிலான் நகரத்தார் ‘லொஜோனே’ என்பர். கைத்தொழில் செய்வோர், கடைச் சிப்பந்திகள், பள்ளி மாணவர், வாய்ப்பாட்டுப் பயில்வோர் முதலாயினோர் ஏறும் இடம் அது. இவர்கள் முன்வாசல் வழியாக உள்ளே வருவதில்லை. பக்கவாட்டில் இவர்களுக்கெனத் தனி வாசலும் தனிப் படிக்கட்டும் இருந்தன. சீமாட்டிகளின் பட்டாடை இவர்கள் சட்டையில் உரசலாகாது! தனி வாசல் என்பதன் பொருளை நம்மவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளையைக் கண்டவர் நம்மில் எத்தனையோ பேர்.

ஆனால் இங்கே ஒரு விந்தை. முன்வாசலால் வந்தோர் திரையை மூடிச் சீட்டாடிக்கொண்டிருக்க, பக்கத்து வாசலால் ஏறினவர்களே பாட்டைக் கேட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் அவர்களுக்கு மனப்பாடம். சுருதி விலகினால் அங்கிருந்து சீழ்க்கை பறக்கும். நன்றாக அமைந்தால் அவர்களுடைய கைத்தட்டல் கூரையைப் பெயர்க்கும். ஒரு பாடகனின் பிழைப்பும், ஒரு நூலின் வாழ்வும் பெரும்பாலும் அந்த உச்சிமாடியிலேயே தீர்மானம் ஆயின. அரங்கின் சொந்தக்காரர் கீழே. அரங்கின் காது மேலே. மிலான் நகரத்தின் இசை வரலாறு முழுவதும், இவ்விருவருள் அரங்கு எவருக்கு உரியது என்னும் நீண்ட வழக்கேயாம்.

இவ்வழக்கின் முதற்பெருஞ் சாட்சி வெர்தி. 1813-இல் ரொன்கோலே என்னும் குக்கிராமத்தில் ஒரு சிறு சத்திரக்காரருக்குப் பிறந்தவர் அவர். பக்கத்து ஊரான புசேத்தோவின் வணிகர் பரேட்சி என்பார் உதவியால் 1832-இல் மிலான் சங்கீதக் கல்லூரியின் வாசலில் வந்து நின்றார். வயது கடந்துவிட்டது, வேற்று நாட்டுக் குடி, பியானோவில் கை வைக்கும் முறை சரியில்லை என்று பல காரணங்கள் கூறி அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். இன்று அக்கல்லூரிக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டிருக்கிறது! உயிரோடிருந்தபோது அந்த யோசனையை அவர் விரும்பவில்லை என்பர். நாமாயிருந்தாலும் விரும்பியிரோம்.

தனி ஆசிரியரிடம் பயின்ற அவர், ஸ்காலாவின் தரையிலும் காலரியிலும் கேட்டுக் கேட்டே மீதியைக் கற்றார். மனைவியும் இரு குழந்தைகளும் இரண்டே ஆண்டு இடைவெளிக்குள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். 1840-இல் அரங்கேறிய அவருடைய நகைச்சுவை நாடகம் சீழ்க்கையில் மூழ்கிற்று. இனி எழுதுவதில்லை என்றிருந்தவரை மெரெல்லி என்னும் காண்டிராக்டர் வற்புறுத்தி எழுதச் செய்ததே ‘நபுக்கோ’. 1842 மார்ச்சு 9-ஆம் நாள் அது அரங்கேறியது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட இரவுகள் அதை ஆடினார்கள். அடிமைப்பட்டு அயல்நாட்டில் உழைக்கும் எபிரேயர் தம் தாயகத்தை நினைத்து ஒன்றாகப் பாடும் பாட்டு ஒன்று அதிலே உண்டு. தனியொருவன் பாடுவதன்று, கூட்டமாக, பெரும்பாலும் ஒரே குரலாக எழுவது. அயலாரின் ஆட்சிக்குக் கீழிருந்த இத்தாலியர் அதைத் தம் பாட்டாகவே பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டனர். கடல் கடந்து வந்து கூலிக்கு உழைத்த ஒரு சமூகத்தாராகிய நமக்கு அந்தப் பாட்டின் கருத்தை விளக்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

ஈண்டு ஒரு செய்தியைத் திருத்திச் சொல்ல வேண்டும். அரங்கேறிய இரவிலேயே மக்கள் கொதித்தெழுந்து, ஆஸ்திரியர் தடையையும் மீறி, இந்தப் பாட்டுக்கு ‘ஒன்ஸ்மோர்’ கேட்டார்கள் என்று நூல்கள் நெடுங்காலம் எழுதி வந்தன. அக்காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்த பிற்கால ஆராய்ச்சியாளர், அன்று மறுமுறை பாடப்பட்டது இதுவன்று, கடைசியில் வரும் தோத்திரப் பாட்டே என்று காட்டியிருக்கின்றனர். தேசபக்திக் கதைகள் பின்னோக்கி எழுதப்படுவது இத்தாலியில் மட்டும் நடப்பதன்று. ஆயினும் 1859-இல் மக்கள் சுவர்களில் ‘வெர்தி வாழ்க’ என்று எழுதியதும், வெர்தி என்னும் எழுத்துக்களுக்குள் இத்தாலி மன்னன் விக்டர் இம்மானுவேல் என்னும் தொடரை ஒளித்து வைத்ததும் உண்மை. அவ்வாண்டிலேயே ஆஸ்திரியர் மிலானை விட்டகன்றனர்.

அயலார் போயினர், பாக்ஸ்காரர் போகவில்லை. நகரசபை மக்களின் வரிப்பணத்திலிருந்து அரங்குக்கு ஆண்டுதோறும் மானியம் கொடுத்து வந்தது. தொழிற்சாலைகள் பெருகி, உழைப்பாளர் இயக்கம் தலையெடுத்தபோது, ஒரு கேள்வி எழுந்தது: ரொட்டிக்கு வரி கொடுப்பவனுடைய காசில் சீமான் ஏன் சங்கீதம் கேட்க வேண்டும்? நியாயமான கேள்வி. 1897-இல் நகரசபை மானியத்தை நிறுத்திற்று. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் அரங்கு திறக்கவே இல்லை.

அடுத்த மே மாதம் என்ன நடந்தது என்பதை இசை நூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரியில் தாண்டிச் செல்கின்றன. நாம் தாண்டிச் செல்வதற்கில்லை. 1898-இல் ரொட்டியின் விலை ஏறியது. மே 6 முதல் மிலான் தெருக்களில் தொழிலாளர் திரண்டனர். பாவா பெக்காரிஸ் என்னும் படைத்தலைவன் அவர்கள்மீது பீரங்கியைத் திருப்பினான். சர்க்கார் ஒப்புக்கொண்ட கணக்கின்படியே எண்பது பேர் மாண்டனர். மக்கள் சொன்ன கணக்கு அதனினும் பன்மடங்கு. பீரங்கி சுட்டவனுக்கு உம்பர்த்தோ மன்னன் பதக்கம் அளித்தான். இரண்டாண்டு கழித்து அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லி ஒருவன் அம்மன்னனைச் சுட்டுக் கொன்றான்.

அதே 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், செல்வர் சிலர் பொருள் திரட்ட, ஸ்காலா மீண்டும் திறந்தது. இசை நடத்துநர், பார்மா நகரத்துத் தையற்காரர் ஒருவரின் மகன், வயது முப்பத்தொன்று, பெயர் ஆர்த்தூரோ டோஸ்கனீனி. அன்றிரவு மேடையேறியது வாக்னரின் நூல். அதன் தலைவன் செருப்புத் தைப்பவன் ஒருவன். ஏழு மாதத்துக்கு முன் பீரங்கிக்கு இரையானவர்களில் செருப்புத் தைப்பவன் எவனேனும் இருந்தானோ என்று பாக்ஸில் அமர்ந்திருந்தோர் எண்ணினார்களா என்பது வேறு.

1901-இல் மானியத்தைப் பற்றி நகரத்து வாக்காளர்களிடமே கருத்துக் கேட்டார்கள். வேண்டாம் என்றே பெரும்பான்மையோர் வாக்களித்தனர். இந்த வாக்கைப் பாமரரின் அறியாமை என்று இகழ்ந்தோர் உண்டு. நாம் இகழோம். தனக்கு முன்வாசல் அடைத்த வீட்டுக்கு விளக்கேற்ற எவன் எண்ணெய் கொடுப்பான்? ஆயினும் அவர்கள் கண்ட மருந்து நோய்க்கு ஏற்றதன்று என்பதே நம் கருத்து. மானியம் போனால் சீமானுக்குச் சங்கீதம் போய்விடுவதில்லை. அவன் பாரிசுக்குப் போய்க் கேட்பான். போவது உச்சிமாடியில் நின்று கேட்டவனின் சங்கீதமே.

வெர்தி அவ்வாண்டு ஜனவரி 27-இல் மிலான் ஓட்டல் ஒன்றில் காலமானார். அவர் படுத்திருந்த நாட்களில் வண்டிச் சத்தம் கேளாதிருக்கும்படி தெருவில் வைக்கோல் பரப்பினார்கள். தமக்கு ஆடம்பரமான சவ ஊர்வலம் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். ஒரு மாதம் கழித்து அவர் உடலை வேறிடத்துக்கு மாற்றியபோது, டோஸ்கனீனி நடத்த, பல நூறு பாடகர் சேர்ந்து அந்த எபிரேயர் பாட்டைப் பாடினர். தெருவெங்கும் மக்கள் வெள்ளம். உடலை மாற்றிய இடம் எது? வயது முதிர்ந்து வறுமையுற்ற பாடகரும் வாத்தியக்காரரும் தங்குவதற்காக வெர்தி தம் சொந்தப் பொருளில் மிலானில் கட்டிய இல்லம். சுமார் நூறு பேருக்கு இடம் உண்டு. தம் நூல்களின் உரிமைத் தொகையையும் அதற்கே விட்டுச் சென்றார். நன்றி பாராட்டுதலைக் கேட்க விரும்பாமல், தாம் இறந்த பின்னரே திறக்க வேண்டும் என்றார். அவ்வாறே 1902-இல் திறந்தார்கள். தம் படைப்புக்களிலெல்லாம் சிறந்தது இக்கட்டடமே என்பது அவருடைய எண்ணம். கலைஞனைக் கைதட்டி வாழ்த்திவிட்டுக் கடைசிக் காலத்தில் திண்ணையில் கிடக்கவிடும் நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க மனம் கூசுகிறது.

வெர்தி இறந்த அதே ஓட்டலின் ஓர் அறையில், பதினைந்து மாதம் கழித்து, 1902 ஏப்ரலில், நேப்பிள்ஸ் நகரத்து ஏழைத் தொழிலாளி ஒருவரின் மகன் ஒரு புனலுக்கு முன்னால் நின்று பத்துப் பாட்டுக்கள் பாடினான். கூலி நூறு பவுன். கிராமபோன் கம்பெனியின் ஆட்கள் அவற்றை மெழுகில் பதிந்துகொண்டார்கள். அவன் பெயர் கரூசோ. அவ்வாண்டு ஸ்காலாவில் பாடிக்கொண்டிருந்த அவனுடைய குரல் அந்தத் தட்டுக்களின் வழியே உலகமெல்லாம் சுற்றியது. பங்களாத் தாழ்வாரத்தில் ஒலித்த குரலின் மூலம் இதுதான். துரைமாரின் சொத்து என்று நாம் எண்ணியது, நேப்பிள்ஸ் சந்தில் வளர்ந்த தொழிலாளி மகனுடைய தொண்டை!

டோஸ்கனீனியின் காலத்தில் ஸ்காலா ஒழுங்குக்கு வந்தது. ஆட்டம் தொடங்கியதும் சபையில் விளக்கை அணைக்கச் செய்தார். சீமாட்டிகள் கூடைபோன்ற தொப்பிகளைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும் என்றார். ‘ஒன்ஸ்மோர்’ கூடாது என்றார். கதை நடுவே செத்தவன் எழுந்து இன்னொரு முறை பாடிச் சாவது அவருக்குப் பொறுக்கவில்லை. (நம் மேடையில் வள்ளியம்மை எத்தனை முறை ஆலோலம் பாடினாள் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்க.) 1903-இல் சபையார் விடாமல் கூச்சலிடவே, பாதியில் இறங்கிப் போனவர் தென்னமெரிக்காவுக்கே சென்றுவிட்டார். ஒழுங்கு நன்று, ஆயினும் காலரிக்காரர் அதுவரை கொண்டிருந்த உரிமை ஒன்றை அவர் பறித்ததும் உண்மையே. அன்பு மிகுதியால் கேட்பதையும் அடக்குவது சரியா என்பதில் நமக்கு இன்றும் ஐயம் உண்டு.

இடையில் 1904 பிப்ரவரி 17-இல் புச்சீனியின் ‘மடாம் பட்டர்பிளை’ அவ்வரங்கில் அரங்கேறி, சீழ்க்கையாலும் விலங்குக் குரல்களாலும் அடியோடு வீழ்ந்தது. திருத்தி எழுதி மே மாதம் பிரெஷா நகரில் ஆடியபோது வென்றது. எதிரிகள் ஏற்பாடு செய்த கலகம் என்பாரும் உண்டு. நிற்க.

முதல் உலகப் போருக்குப் பின் வழக்குத் தீர்ப்புக்கு வந்தது. அப்போது மிலான் மேயராயிருந்தவர் கல்தாரா, சமதர்மக் கட்சியினர். மானியம் கூடாதென்று முன்பு முழங்கிய இயக்கத்தைச் சேர்ந்தவரே, அரங்கை மூடுவதற்கு மாறாக அதை நகரத்தின் உடைமையாக்கும் வழியைத் தேடினார். பத்திரிகாசிரியர் அல்பெர்த்தீனியும் துணை நின்றார். 1920-இல் அரங்கை நடத்தத் தனி வாரியம் ஏற்பட்டது. நூற்றைம்பது ஆண்டுக்காலமாக அரங்கைத் தம் வீட்டுக் கூடமாகவே பாவித்த பாக்ஸ்காரரின் ஆதிக்கம் அதோடு ஒழிந்தது. 1921 டிசம்பர் 26-இல், டோஸ்கனீனி மீண்டும் வந்து நின்று, வெர்தியின் கடைசி நூலாகிய ‘பால்ஸ்டாப்’ நாடகத்துடன் திறந்து வைத்தார்.

நகரத்தாரின் கைக்கு வந்த அரங்கை அடுத்த ஆண்டே முசோலினியின் ஆட்சி சூழ்ந்தது. டோஸ்கனீனி தொடக்கத்தில் முசோலினியை நம்பியவரே; 1919 தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. விரைவில் உண்மையைக் கண்டுகொண்டார். கட்சிப் பாட்டை ஸ்காலாவில் வாசிக்க மாட்டேன் என்றார். 1926 ஏப்ரல் 25-இல் புச்சீனி முடிக்காமல் இறந்த ‘துரந்தோ’ அரங்கேறியபோது, அப்பாட்டு வாசிக்கப்படாது என்பதனால் முசோலினி வரவில்லை. அன்றிரவு, புச்சீனி எழுதி நிறுத்திய இடம் வந்ததும் டோஸ்கனீனி கோலைக் கீழே வைத்து, ஆசிரியர் இவ்விடத்தில் இறந்தார் என்று சபைக்கு அறிவித்து ஆட்டத்தை முடித்தார். 1931 மே மாதம் பொலோனா நகரில் அதே கட்சிப் பாட்டை மறுத்ததற்காகக் கறுப்புச் சட்டைக்காரர் அவரை நடுத்தெருவில் கன்னத்தில் அறைந்தார்கள். அதன்பின் சர்வாதிகாரம் ஒழியும்வரை இத்தாலியில் அவர் கோலைத் தொடவில்லை.

அவரைப்போல் புகழும் வெளிநாட்டு அழைப்பும் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? 1938-இல் யூதருக்கு எதிரான சட்டம் வந்தது. ஸ்காலாவின் கூட்டுப்பாடகர்களுக்கு 1921 முதல் ஆசிரியராயிருந்தவர் விட்டோரே வெனேட்சியானி. அடிமைப்பட்ட எபிரேயரின் பாட்டை ஆண்டாண்டாய் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அவரை, எபிரேயர் என்பதற்காகவே வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறப்பைக் கேட்டுக் கலையை அளக்கும் கொடுமைக்கு இதைவிட வேறு சான்று தேடவேண்டுவதில்லை.

1943 ஆகஸ்டு 15-ஆம் நாள் இரவு ஆங்கிலேயரின் விமானங்கள் மிலான் மீது குண்டு பொழிந்தன. ஸ்காலாவின் கூரை உள்ளே சரிந்தது. பாக்ஸ் அடுக்குகள் வானம் பார்த்து நின்றன. போர் முடிந்தபோது நகரத்தில் வீடிழந்தோர் ஏராளம், ரொட்டிக்கும் பஞ்சம். அந்நிலையிலும் அரங்கை உடனே எடுத்துக்கட்ட நகரம் முனைந்தது. ரொட்டிக்கு முன்னே சங்கீதமா என்ற கேள்வி 1897-இல் எழுந்தது போல் இம்முறை எழுந்து தடுக்கவில்லை. காரணம் வெளிப்படை. இப்போது எரிந்து கிடந்தது பாக்ஸ்காரரின் வீடன்று.

டோஸ்கனீனிக்கு வயது எழுபத்தொன்பது. நீக்கப்பட்ட யூதக் கலைஞர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். வெனேட்சியானி தம் பழைய இடத்துக்கு வந்தார். 1946 மே 11-ஆம் நாள் இரவு அரங்கு திறந்தது. இடமில்லாமல் வெளியே நின்ற மக்கள் கேட்பதற்காகச் சதுக்கத்தில் ஒலிபெருக்கிகள் கட்டியிருந்தார்கள். ரொஸ்ஸீனி, வெர்தி, பொயித்தோ, புச்சீனி ஆகியோரின் படைப்புக்கள் அன்று ஒலித்தன. ரெனாட்டா தெபால்டி என்னும் இருபத்து நான்கு வயதுப் பெண் அன்று பாடிய பாடகருள் ஒருத்தி. நபுக்கோவின் கூட்டுப் பாட்டும் ஒலித்தது. எட்டாண்டுக்கு முன் வெளியே துரத்தப்பட்டவர் கற்பித்த குரல்களில்.

அதன் பின்னும் வழக்கு முழுதும் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. 1951 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7, நகரத்துப் புனிதர் அம்புரோசியாரின் திருநாளில், பருவம் தொடங்குகிறது. அன்றைக்கு முன்வாசல் பழையபடி வைரமும் விலங்குத் தோலாடையுமாகக் காட்சியளிக்கும். 1968-இல் அத்தோலாடைகள்மீது மாணவர்கள் முட்டைகளை எறிந்தார்கள். 1972-இல் தலைமைப் பொறுப்பேற்ற பாவோலோ கிராசியும், இசை நடத்துநர் கிளாடியோ அபாடோவும் எறியப்பட்ட முட்டையின் பொருளை உணர்ந்தவர்கள். தொழிலாளருக்கும் மாணவருக்கும் எனத் தனி இரவுகளைக் குறைந்த கட்டணத்தில் ஏற்படுத்தினார்கள். பியானோ மேதை பொலினியும் அவ்வியக்கத்தில் தோள் கொடுத்தார். தொழிற்சாலைகளிலும் கச்சேரிகள் நடந்தன. இந்த நூற்றாண்டில், திறப்பு இரவின் ஆட்டத்தை நகரமெங்கும் திரையிட்டுக் காட்டும் வழக்கம் வந்திருக்கிறது. சான் விட்டோரே சிறைச்சாலையில் உள்ளோரும் அதனை அங்கிருந்தபடியே பார்த்திருக்கின்றனர்.

காலரியின் குணம் மட்டும் மாறவில்லை. 2002 முதல் 2004 வரை அரங்கைப் புதுப்பித்து, 1778-இல் ஆடிய அதே சாலியேரி நூலுடன் திறந்தார்கள். அதற்கு இரண்டாண்டு கழித்து, 2006 டிசம்பர் 10-ஆம் நாள், வெர்தியின் ‘ஐதா’ நடந்துகொண்டிருந்தது. தலைவனாக வந்தவர் உலகப் புகழ் பெற்ற அலாஞா. முதற்பாட்டு முடிந்ததும் உச்சிமாடியிலிருந்து மறுப்புக் குரல் எழுந்தது. அவர் கையை உயர்த்தி ஒரு வணக்கம் போட்டுவிட்டு மேடையை விட்டே நடந்தார். வாத்தியம் நிற்கவில்லை. பலோம்பி என்னும் மாற்றுப் பாடகர், வேடம் கட்ட நேரமின்றித் தம் சொந்தச் சட்டை, காற்சட்டையுடனேயே எகிப்து நாட்டுப் படைத்தலைவனாக மேடையில் வந்து நின்று பாட்டை எடுத்தார். ஆட்டம் தொடர்ந்து நடந்தது.